கைப்பேசி ஆச்சி பதில்கள்

கேள்வி: ஆச்சி, உங்கள் கைப்பேசியில் என்னென்ன ஆப் வைத்திருக்கிறீர்கள்? காலையில் எழுந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள்?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நானாகப் போட்டவை மட்டும் 41. புதிதாக எது வந்தாலும் போட்டுப் பார்த்துவிடுவேன். ஒரு மாதம் தொடாமல் கிடந்தால் எடுத்துவிடுவேன்.

முதலில் திறப்பது வானிலையைத்தான். எங்கள் கோட்டையூர் வீட்டு வளவு, அதாவது நடுமுற்றம், வானம் பார்த்தது. கோடையில் ஆத்தா வற்றலும் வடகமும் அங்கேதான் காயப்போடுவார்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் மழை சொல்லிவிட்டு வருவதில்லை, இடியோடு திடீரென்று இறங்கும். அதற்காகவே 'தாமினி' ஆப்பை வைத்திருக்கிறேன். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வரும் என்றால் எச்சரிக்கும். ஆடு மாடு மேய்க்கிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது. எங்கள் வீட்டில் அது கத்தினால் வற்றல் தட்டு வளவைச் சுற்றியுள்ள பத்திக்குள் போய்விடும்.

அப்புறம் வாட்ஸ்அப். அதிலும் முதலில் பினாங்கில் இருக்கும் தம்பி. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் காப்பி குடிக்கும்போது அவன் கடையில் இருப்பான். சாயங்காலத்தில் யாராவது சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறார்கள் என்றால் 'வேர் இஸ் மை டிரெயின்' திறந்திருக்கும். வண்டியில் இருப்பவரின் கைப்பேசியில் இணையம் இல்லாவிட்டாலும், டவரை வைத்து வண்டி எங்கே போகிறது என்று அது கண்டுபிடித்துவிடும். புதுக்கோட்டை தாண்டியது என்று தெரிந்ததும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். இரவு கைப்பேசி வீட்டு முகப்பில் தூங்கும், நான் உள்ளே தூங்குவேன். அந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு.

கேள்வி: எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் 300 பேருக்கு மேல் இருக்கிறோம். விடிந்தால் 'காலை வணக்கம்' பூப்படங்கள் குவிந்துவிடுகின்றன. கைப்பேசியே நிரம்பிவிட்டது. வெளியேறினால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். என்ன செய்யலாம்?
– பள்ளத்தூர் வாசகர்

வெளியேற வேண்டாம். ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். விட்டுவிட்டதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் அயித்தை காலமான செய்தியை எங்கள் குழுவில் காலை 6.10-க்குப் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே ரோஜாப்பூ, கீழே தாமரைப்பூ, நடுவில் ஒரு முருகன் படம். நான் அந்தக் குழுவை மியூட்டில் போட்டிருந்தேன். பதினொரு மணிக்குத் தற்செயலாகத் திறந்து, மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஆளாளுக்கு 'குழுவில் போட்டாயிற்றே, பார்த்திருப்பாள்' என்று இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

அந்த வாரமே இரண்டாவதாக ஒரு குழு ஆரம்பித்தோம். பெயர் 'செய்தி மட்டும்'. குழுவின் செட்டிங்ஸில் போய், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று வைத்துவிட்டோம். ஐந்து பேர் அட்மின். கேதம் (சாவுச் செய்தி), கல்யாணம், கோயில் காரியம், முன்னோருக்குப் படைக்கும் படைப்புத் தேதி, இவை தவிர வேறு எதுவும் அதில் வராது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், அதனால் உங்கள் 300 பேருக்குத் தாராளமாக இடமுண்டு. அந்தக் குழுவுக்கு மட்டும் தனியாக ஒரு ஒலி வைத்துக்கொள்ளச் சொன்னோம். எங்கள் வீட்டில் அது கோயில் மணிச் சத்தம். அடுப்படியில் இருந்தாலும் கேட்கும். படைப்புத் தேதி மாதிரி முக்கியமானதை 30 நாள் வரை மேலே பின் செய்தும் வைக்கலாம்.

பழைய குழு அப்படியே இருக்கட்டும். அதை ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்று இருக்கும், அதில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். உங்கள் கைப்பேசி நிரம்பியதற்கு அதுதான் காரணம். தொட்டால் மட்டும் இறங்கும்படி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

பூப்படம் அனுப்புகிற பெரியவர்களை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அந்தப் படம் 'எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்' என்று சொல்வதற்கு ஒரு வழி. எங்கள் குழுவில் தேவகோட்டை அம்மான் ஒருவர் தினமும் ஐந்தேகாலுக்குள் போட்டுவிடுவார். இரண்டு நாள் வராவிட்டால் நான் போன் போட்டுக் கேட்பேன்.

வைத்தியக் குறிப்பும் வதந்தியும் வேறு விஷயம். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைக்கு மேல் மாறி உங்களிடம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்துவிட்டது. அந்த இரட்டை அம்பைப் பார்த்தால் என் கை அனுப்பாது. எழுதியவர் யார் என்று தெரியாத மருந்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை. நான்கில் எது நல்லது?
– கண்டனூர் வாசகர்

நான்கும் என்னிடம் இருக்கின்றன. நான்குக்கும் தனித்தனி வேலை கொடுத்திருக்கிறேன்.

முதலில் பூட்டு விஷயம். வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து எல்லாச் செய்தியும் பூட்டித்தான் போகிறது. அனுப்பியவரிடமும் பெற்றவரிடமும் மட்டுமே சாவி, சுமந்து போகிற நிறுவனத்தால் திறக்க முடியாது. இந்தப் பூட்டைச் செய்தவர்கள் சிக்னல்காரர்கள். வாட்ஸ்அப் அவர்களுடைய முறையைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறது. சிக்னலை லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. வீட்டுப் பத்திரம், வழக்கு சம்பந்தமாக வக்கீலுடன் பேசுவதற்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

டெலிகிராமில் சாதாரணப் பேச்சு அவர்களுடைய சர்வரில் இருக்கும், அந்த இருமுனைப் பூட்டு கிடையாது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் பூட்டு விழும். பலர் இதைத் தெரியாமல், டெலிகிராம்தான் ரகசியத்துக்கு நல்லது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2 ஜிபி வரையுள்ள கோப்பை ஒரே தடவையில் அனுப்பலாம். கல்யாண வீடியோவும் கோயில் கும்பாபிஷேகப் படங்களும் தரம் குறையாமல் போக எனக்கு அதுதான் வழி.

அரட்டை நம் தமிழ்நாட்டு சோஹோ நிறுவனத்தினுடையது. 2021-ல் வந்தது, 2025 செப்டம்பரில் திடீரென்று நாடெங்கும் பேச்சானது. ஆப்பின் பெயரே தமிழாக இருப்பதைக் கைப்பேசித் திரையில் பார்க்கும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. தம்பி பிள்ளைகளோடு அதில் பேசுகிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதில் இருக்கிறார்களோ அதை விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் கூடுதல்.

கேள்வி: மூன்று கட்டு வீடு. முகப்பில் வைஃபை பறக்கிறது, இரண்டாங்கட்டுக்குப் போனால் வீடியோ கால் அறுந்துவிடுகிறது. சுவரைத் துளைக்கச் சொல்கிறார்கள்.
– புதுவயல் வாசகி

துளைக்காதீர்கள்! சுண்ணாம்பு அரைத்துப் பூசி வழுவழுவென்று தேய்த்த சுவர் அது. இன்றைக்கு அதை ஒட்டுப்போட ஆள் தேட வேண்டும்.

ரௌட்டரை முகப்பின் மூலையில் மாட்டியிருப்பார்கள், ஏனென்றால் தெருவிலிருந்து கேபிள் அங்கேதான் வருகிறது. அதை வளவைப் பார்த்த பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேல் நகர்த்துங்கள். அலை தடித்த சுவரைத் துளைக்கத்தான் திணறும், திறந்த வளவை எளிதாகத் தாண்டிவிடும். கைப்பேசியின் வைஃபை பட்டியலில் உங்கள் ரௌட்டருக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர் தெரியும், ஒன்று 5 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 2.4. உள்கட்டில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டாம், 2.4-ஐப் பிடியுங்கள். வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும். அதுவும் போதாவிட்டால் தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டியே ஒரு லேன் வயரை இழுத்து இரண்டாங்கட்டில் இன்னொரு ரௌட்டரை வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கைப்பேசியில் 'வைஃபை காலிங்' போட்டுவிட்டால் டவர் எடுக்காத அறையிலும் சாதாரண அழைப்பு வரும்.

கேள்வி: தெரியாத எண்ணிலிருந்து கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது. திறக்கலாமா?
– திருப்பத்தூர் வாசகர்

பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். ஏபிகே என்று முடிந்தால் அது அழைப்பிதழ் இல்லை, ஓர் ஆப். தொட்டு இன்ஸ்டால் செய்தால் உங்கள் எஸ்எம்எஸ், அதில் வரும் ஓடிபி எல்லாம் அடுத்தவன் கைக்குப் போகும். அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஒருநாளும் ஏபிகேயாக வராது. நம் ஊரில் கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து சொல்வார்கள், முடியாவிட்டால் போனிலாவது பேசுவார்கள். பேசாமல் ஃபைல் மட்டும் வந்தால் அழித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறேன். ஒருவர் 5 கிலோ மனகோலம் வேண்டும் என்று சொல்லி, முன்பணம் தருவதற்காக ஒரு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?
– கானாடுகாத்தான் வாசகி

வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தேன்குழல், சீப்புச் சீடை செய்து விற்கிறார். அவருக்கும் இதே மாதிரி வந்தது. 'ராணுவத்தில் இருக்கிறேன், எங்கள் அலுவலக முறை இதுதான்' என்று எதிர்முனையில் பேசியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் தொகை வந்து பின் நம்பர் கேட்டது. அந்த இடத்தில் அவர் சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்டதால் பணம் தப்பியது.

யூபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கும், கணக்கில் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். வாங்குவதற்குப் பின் தேவையில்லை, ஸ்கேன் தேவையில்லை, எதையும் தொட வேண்டியதில்லை. 2016-ல் யூபிஐ வந்த நாளிலிருந்து இதுதான் விதி. ஒருவர் இன்னொருவருக்குப் 'பணம் அனுப்பு' என்று கோரிக்கை விடும் வசதியால் ஏமாற்று அதிகமானதால், அதையும் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, வரவு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாவைப் பிசைய வேண்டும். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம். இன்னொன்று, தொழிலுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைத் தனி எண்ணில் போடுங்கள். அதில் பலகாரப் படமும் விலையும் காட்டலாம், வீட்டுப் பேச்சோடு கலக்காது.

கேள்வி: என் கைப்பேசி தண்ணீரில் விழுந்து போய்விட்டது. போன வருடம் காலமான என் அப்பச்சி (அப்பா) அனுப்பிய குரல் செய்திகள் அதில்தான் இருந்தன. ஏதாவது வழி இருக்கிறதா ஆச்சி?
– ஈப்போ வாசகி, மலேசியா

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். ஏனென்றால் இது எனக்கும் நடந்தது. என் அப்பச்சி இருந்த காலத்தில் என் கைப்பேசி ஒருநாள் சட்டென்று உயிரை விட்டது. பழுது பார்க்கும் கடையில் திரையை மாற்றினார்கள், போர்டை மாற்றினார்கள், உள்ளே இருந்தது எதுவும் வரவில்லை. 'போனால் போகிறது, அப்பச்சிதான் நேரில் இருக்கிறார்களே' என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் அப்பச்சி போய்விட்டார்கள்.

வழி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

புதிய கைப்பேசியில் அதே எண், அதே கூகுள் கணக்கைப் போட்டு வாட்ஸ்அப்பை நிறுவுங்கள். பேக்கப் இருந்தால் அதுவே 'மீட்கவா' என்று கேட்கும். ஐஃபோன் என்றால் ஐகிளவுடில் இருக்கும். இதற்கு முன்னால் பழைய கணக்கில் எதையும் அழிக்காதீர்கள்.

அது இல்லாவிட்டால் அப்பச்சியின் கைப்பேசியைத் தேடுங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை. அனுப்பிய செய்தி அனுப்பியவரிடமும் இருக்கும். பீரோவில், மேசை டிராயரில், யாராவது பிள்ளைகள் விளையாட எடுத்துப்போன இடத்தில் கிடக்கலாம். ஆண்ட்ராய்டாக இருந்தால் ஃபைல் மேனேஜரில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, உடன்பிறந்தவர்களைக் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது அப்படித்தான். பினாங்குத் தம்பியின் கைப்பேசியில் ஒரே ஒரு குரல் செய்தி இருந்தது, 43 விநாடி. கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆனதைப் பற்றி: ஆள் வந்தான், காயில் போய்விட்டது என்கிறான், நீ பணம் அனுப்ப வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு இருமல். பின்னால் வளவில் காக்கை கத்துகிறது. அதைக் கேட்டுவிட்டு முகப்புத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அது நான்கு இடத்தில் இருக்கிறது. செய்தியை அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, கூகுள் டிரைவில் ஒன்று, எனக்கு நானே அனுப்பிய மின்னஞ்சலில் ஒன்று, ஒரு பென்டிரைவில் ஒன்று, தம்பியிடம் ஒன்று. மற்ற வாசகர்களும் இன்றைக்கே செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில்தான் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேருகிறது. ஜிமெயிலும் போட்டோவும் அதிலேயே இருப்பதால் நிரம்பிவிடும். நிரம்பினால் பேக்கப் நின்றுபோகும், நாம் கவனிக்க மாட்டோம். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிறவர்கள் அதைக் காகிதத்தில் எழுதி இரும்புப்பெட்டியில் வையுங்கள். மறந்துபோனால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலேயே திறந்து தர முடியாது.

எங்கள் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் வாழ்ந்த தெருப்பக்கம் போகும்போதெல்லாம், கல்யாணப் பத்திரிகையைக் காப்பாற்றிய ஊரில் இருந்துகொண்டு அப்பச்சியின் குரலைத் தொலைத்தேனே என்று நினைத்துக்கொள்வேன். உங்களுக்குக் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: ஆத்தாவுக்கு 78 வயது. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குத் தமிழில் எழுத ஆசை. கீபோர்டு எழுத்து சின்னதாக இருக்கிறது, கை நடுங்குகிறது. எந்த கீபோர்டு போட்டுக் கொடுக்கலாம்?
– தேவகோட்டை வாசகி

நான் தமிழ்99-தான் அடிக்கிறேன். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்தியது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், பழகினால் விரல் தானாக ஓடும். ஆனால் உங்கள் ஆத்தாவுக்கு அதைப் புதிதாகப் பழக்க வேண்டாம். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, கையெழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள். விரலால் திரையில் பெரிதாக 'அ' என்று எழுதினால் அச்சாகிவிடும். கை நடுங்குகிறது என்றால் மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள், தமிழில் எழுதிக் காட்டும். நம் பக்கத்துப் பேச்சைச் சில இடங்களில் தப்பாகப் பிடிக்கும். நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தி அனுப்பலாம்.

என்னைக் கேட்டால் குரல் செய்தியே போதும். மைக்கை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். வயதானவர்களுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசுவதுதான் சிரமம், அந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

என் ஆத்தாவுக்கு 81. பர்மாவுக்கும் பினாங்குக்கும் கடிதம் எழுதிய வீட்டில் பிறந்தவர்கள். குரல் செய்தியையும் கடிதமாகவே பேசுவார்கள். பட்டாலைக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியை வெற்றிலைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். "சிவமயம். கோட்டையூர், மாசி மாதம் 9-ஆம் தேதி. தம்பிக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதவும்." அதற்குப் பிறகு மாடு, மழை, யார் வீட்டில் கல்யாணம், கத்தரிக்காய் விலை. சில நாள் ஆறு நிமிடம் போகும். தம்பி அதை ஒன்றரை மடங்கு வேகத்தில்கூட வைத்துக் கேட்பதில்லை.

பேச்சு முடியும் இடத்தில் "இப்படிக்கு, ஆத்தா" என்று சொல்லி, என்னைப் பார்ப்பார்கள். நான் அம்புக்குறியைத் தொட்டு அனுப்புவேன். இரண்டு நீலக் கோடு விழுகிற வரை நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.